பனிமலை ஆசான்

நுழையும்முன்

மலையின் உயரத்தை அளந்தோர் பலர்; மலையில் ஏறியோரும் பலர். தாம் ஏறிய வழியைப் பிறருக்குக் கற்றுக்கொடுப்பதையே பிற்கால வாழ்வாகக் கொண்டோர் மிகச் சிலர். பள்ளிக்கூடம் செல்லாமல், பிறர் சுமையைச் சுமந்தபடியே மலையைப் படித்து, உலகின் மிக உயர்ந்த சிகரத்தில் கால்பதித்து, பின்னர் ஆயிரக்கணக்கான புதியவர்களுக்கு முதல் அடியைக் கற்பித்த ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சமவெளியும் மலையும்

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளியில் வாழ்பவர்க்கு மலை புதிதன்று. சேலத்தின் வடக்கே சேர்வராயன் மலையும் மேற்கே கஞ்சமலையும் நிற்கின்றன. இராசிபுரத்திலிருந்து பார்த்தால் போதமலை தெரியும். சேந்தமங்கலம் வழியே சென்றால், வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை சுவர்போல் எழுந்து நிற்கும். நாமக்கல் நகரின் நடுவிலோ ஒற்றைப் பெரும்பாறையே கோட்டையைத் தலையில் தாங்கியிருக்கிறது. அப்பாறையில் செதுக்கப்பட்ட படிகளில் ஏறாத மாணவர் அவ்வூரில் அரிது.

படிகளில் ஏறுவது வேறு. படி இல்லாத முகட்டில் ஏறுவது வேறு. இருபுறமும் சரிந்து இறங்கும் மலையின் முதுகெலும்பு போன்ற வரம்பையே முகடு என்கிறோம். அங்கே நடப்பவர் கால்களை மட்டும் நம்ப முடியாது. பாறையைக் கைகளால் பற்றி, கால்வைக்கும் இடத்தைச் சோதித்து, உடலின் எடையை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மெல்ல மாற்ற வேண்டும். புதியவர் ஒருவர் அத்தகைய முகட்டில் முதன்முறை நிற்கும்போது அவருக்கு வேண்டியவை இரண்டு: இடுப்பில் கட்டிய கயிறு, அக்கயிற்றின் மறுமுனையில், வழி அறிந்த ஒருவர். அந்த மறுமுனையில் வாழ்நாளெல்லாம் நின்றவர் டென்சிங் நார்கே.

யாக் மேய்த்த சிறுவர்

டென்சிங் 1914ஆம் ஆண்டு பிறந்தவர். பிறந்த நாளை எவரும் குறித்துவைக்கவில்லை. எவரெஸ்டை வென்ற மே 29ஆம் நாளையே அவர் பின்னாளில் தம் பிறந்த நாளாகக் கொண்டார். பெற்றோர்க்குப் பிறந்த பதின்மூன்று குழந்தைகளுள் அவர் பதினோராமவர். உடன்பிறந்தோருள் பலர் இளமையிலேயே இறந்தனர். நேபாளத்தின் சோலு கும்புப் பகுதியிலுள்ள தாமே என்னும் சிற்றூரில் அவர் வளர்ந்தார். முதலில் இடப்பட்ட பெயர் நம்கியால் வாங்டி. பௌத்தத் துறவி ஒருவரின் அறிவுரைப்படி அது டென்சிங் நார்கே என மாற்றப்பட்டது. நார்கே என்னும் சொல் நற்பேறு பெற்றவன் என்னும் பொருள் தருவது.

சடைமாடு எனப்படும் யாக்குகளை மேய்ப்பதே அச்சிறுவரின் வேலை. மேய்ச்சல் நிலத்திலிருந்து பார்த்தால் உலகின் உச்சி தெரியும். ஷெர்ப்பா மக்கள் அதனைச் சோமோலுங்மா என்று அழைத்தனர். அது தெய்வம் உறையும் இடம், ஏறிப்பார்க்கும் பொருளன்று. எவரெஸ்ட் என்ற பெயர் பின்னர் வந்ததே. 1802இல் சென்னைப் பரங்கிமலையிலிருந்து வில்லியம் லாம்டன் தொடங்கிய நில அளவைப் பணி, அரை நூற்றாண்டு கடந்து இமயத்தை எட்டியது. அப்பணியில் கணிதவல்லுநராக விளங்கிய வங்காளத்தைச் சேர்ந்த ராதாநாத் சிக்தாரின் கணக்கீடு, பதினைந்தாம் எண் இடப்பட்டிருந்த சிகரமே உலகில் மிக உயர்ந்தது என்று காட்டியது. தமிழ்நிலத்தில் தொடங்கிய அளவுகோல் ஒன்று இமயத்தின் உச்சியை அளந்தது என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

சிறுவராய் இருந்தபோது டென்சிங்கை மடத்தில் சேர்த்தனர். அங்கு அடிவாங்கியதும் அவர் வீட்டிற்கு ஓடிவந்துவிட்டார். எழுதப்படிக்க அவருக்கு வாய்க்கவில்லை. ஆயினும் பிற்காலத்தில் பல மொழிகளைச் செவிவழியே கற்றுப் பேசினார். 1932ஆம் ஆண்டின் இறுதியில், வீட்டாரிடம் சொல்லிக்கொள்ளாமலேயே வேலைதேடி டார்ஜிலிங் சென்றார். இமயமலைப் பயணக்குழுக்கள் புறப்படும் ஊர் அதுதான்.

சுமையோடு தொடங்கிய கல்வி

அந்நாளில் ஷெர்ப்பாக்களுக்கு மலையேற்றம் விளையாட்டன்று, பிழைப்பு. மேலைநாட்டுக் குழுக்களின் கூடாரம், உணவு, கயிறு, உயிர்வளிக் குடுவை ஆகியவற்றை அவர்கள் முதுகில் சுமந்து பனியில் ஏறினர். அதன் விலை உயிராகவும் இருந்தது. 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணத்தில் பனிச்சரிவில் சிக்கிச் சுமையாளர் எழுவர் இறந்தனர்.

தொடக்கத்தில் டென்சிங்கை எவரும் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளவில்லை. முன்பணியைக் காட்டும் சான்றிதழ் அவரிடம் இல்லை. முன்பணி இல்லாததால் வேலை இல்லை. வேலை இல்லாததால் முன்பணியும் இல்லை. இந்தச் சுழலிலிருந்து அவரை வெளியே எடுத்தது 1935ஆம் ஆண்டு எரிக் ஷிப்டன் தலைமையில் புறப்பட்ட குழு. சான்றிதழ் ஏதுமற்ற அவ்விளைஞரைச் சேர்த்துக்கொள்ள ஷிப்டன் இசைந்தார். அதுவே டென்சிங்கின் முதல் எவரெஸ்ட் பயணம்.

பனிக்கோடரியால் படி வெட்டுவதையும், கயிற்றில் முடிச்சிடுவதையும், பனியாற்றின் மறைந்த பிளவுகளை அறிவதையும் அவர் சுமையோடு நடந்தே கற்றார். 1936, 1938ஆம் ஆண்டுகளிலும் எவரெஸ்டுக்குச் சென்றார். 1938இல் 8,200 மீட்டருக்கு மேலுள்ள முகாம்வரை சுமை கொண்டுசென்ற சிறப்புக்காக, அவருக்குப் புலிப் பதக்கம் வழங்கப்பட்டது. உயரமான முகாம்களில் திறம்படப் பணியாற்றிய ஷெர்ப்பாக்களுக்கு இமாலயன் கிளப் அளித்த சிறப்பு அது.

பின்னர்ப் போர்க்காலம் வந்தது, பயணங்கள் நின்றன. முதல் மனைவி தவா புட்டி 1944இல் மறைந்தார். பெம் பெம், நிமா என்னும் இரு சிறுமியரை வளர்க்கும் பொறுப்பும் வறுமையும் ஒருங்கே அவரைச் சூழ்ந்தன. 1947இல் சுவிட்சர்லாந்துக் குழுவொன்று கேதார்நாத் சிகரத்திற்குச் சென்றபோது, அதன் ஷெர்ப்பாத் தலைவர் விபத்தில் காயமுற்றார். அவ்விடத்தில் டென்சிங் சர்தாராக, அதாவது ஷெர்ப்பாக்களின் தலைவராக, அமர்த்தப்பட்டார். சுமப்பவராய் இருந்தவர் வழிநடத்துபவராய் உயர்ந்தார்.

நந்தாதேவி முகடு

டென்சிங் தம் வாழ்வில் ஏறிய மிகக் கடினமான மலை எவரெஸ்ட் என்றே நாம் கருதுவோம். அவரோ கிழக்கு நந்தாதேவியையே அவ்வாறு கருதினார். 1951ஆம் ஆண்டு பிரெஞ்சுக் குழுவொன்று துணிகரமான திட்டத்துடன் அங்குச் சென்றது. 7,816 மீட்டர் உயரமுள்ள நந்தாதேவியின் முதன்மைச் சிகரத்தில் ஏறி, அங்கிருந்து நீண்ட முகட்டின் வழியே நடந்து, 7,434 மீட்டர் உயரமுள்ள கிழக்குச் சிகரத்தை அடைவது அத்திட்டம். குழுத்தலைவர் ரோஜர் டூப்ளாவும் இளைஞர் கில்பர் வீனும் புறப்பட்டனர். பின்னர் அவர்கள் மீளவே இல்லை.

காணாமற்போனவர்களைத் தேடவேண்டும், அல்லது அவர்கள் சென்ற முகட்டையேனும் பார்வையிட வேண்டும். அதற்காக டென்சிங்கும் லூயி டுபோவும் கிழக்குச் சிகரத்தின் முகட்டில் ஏறினர். அம்முகடு கத்தியின் விளிம்புபோல் ஒடுங்கியது, இருபுறமும் பாதாளம், கால்வைத்த பனி எந்த நேரத்திலும் நழுவக்கூடியது. அவர்கள் உச்சியை அடைந்து, எதிரே நீண்டுகிடந்த முகட்டை நோக்கினர். அங்கே மனித அடையாளம் எதுவும் இல்லை. அச்சிகரத்தில் கால்வைத்த இரண்டாவது குழு அவர்களுடையது. ஆனால் அவ்வேற்றத்தில் கொண்டாட்டம் இல்லை. தோழரைத் தேடி ஏறி, வெறுங்கையுடன் இறங்கிய ஏற்றம் அது.

மலை தரும் பாடங்களுள் மிகக் கசப்பானதை அந்த முகடு கற்பித்தது. துணிவு மட்டும் ஒருவரை மேலே கொண்டுசெல்லக்கூடும். கீழே கொண்டுவந்து சேர்ப்பது கணிப்பும் நிதானமும் ஆகும். பின்னாளில் பயிற்சியாளராக நின்ற டென்சிங்கிடம் கண்ட பொறுமைக்கு இத்தகைய நாள்கள் அடித்தளமாயின.

மொழி கடந்த தோழமை

1952ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்துக் குழு நேபாளத்தின் வழியே எவரெஸ்டுக்கு வந்தது. அக்குழுவில் டென்சிங் சர்தார் மட்டும் அல்லர். ஏறும் உறுப்பினராகவும் மதிக்கப்பட்டார். அங்கே அவருக்கு ரேமண்ட் லாம்பெர்ட்டின் நட்பு கிட்டியது. லாம்பெர்ட் ஆல்ப்ஸ் மலையின் தேர்ந்த வழிகாட்டி. பனிக்கடியால் கால்விரல்கள் அனைத்தையும் இழந்த பின்னரும் மலையேற்றத்தைக் கைவிடாதவர். இருவருக்கும் பொதுமொழி இல்லை. சைகையும் சிரிப்பும் சில சொற்களுமே அவர்களிடையே மொழியாயின.

தென்கிழக்கு முகட்டில் அவ்விருவரும் ஓர் இரவைக் கழித்தனர். உறங்கும் பை இல்லை; அடுப்பும் இல்லை. மெழுகுவத்திச் சுடரில் பனியை உருக்கி நாவை நனைத்தனர். உறங்கினால் உறைந்துவிடும் அபாயம் இருந்ததால் ஒருவரையொருவர் தட்டிக்கொடுத்தபடி விடியலுக்குக் காத்திருந்தனர். மறுநாள், மே 28 அன்று, ஏறத்தாழ 8,600 மீட்டர்வரை ஏறினர். அதற்குமுன் அவ்வளவு உயரம் ஏறித் திரும்பியதாக எவரும் அறியப்படவில்லை. மேலும் ஏறினால் உச்சி கிட்டலாம். ஆனால் திரும்பிவர ஆற்றல் எஞ்சாது. இருவரும் திரும்பினர். அன்று அவர்கள் திரும்பாதிருந்தால் 1953ஆம் ஆண்டு மே மாதம் டென்சிங்குக்கு வாய்த்திராது. லாம்பெர்ட் அன்பளிப்பாகத் தந்த சிவப்புக் கழுத்துத்துணியை அணிந்தே அவர் மறுஆண்டு உச்சியில் நின்றார்.

உலகின் உச்சியில்

1953ஆம் ஆண்டு ஜான் ஹன்ட் தலைமையில் பிரித்தானியக் குழு புறப்பட்டது. டென்சிங்குக்கு அது ஏழாவது எவரெஸ்ட் பயணம். தொடக்கமே கசப்பாக அமைந்தது. காத்மாண்டுவில் குழுவினர் தூதரகத்தில் தங்க, ஷெர்ப்பாக்களுக்கு வண்டிக்கொட்டகை ஒதுக்கப்பட்டது; அங்குக் கழிப்பறை வசதியும் இல்லை. டென்சிங்குக்குத் தூதரகத்தில் அறை கிடைத்தபோதிலும், அவர் தம் மக்களோடு கொட்டகையிலேயே படுத்தார். அவர்களின் சினத்திற்கும் குழுவின் தேவைக்கும் நடுவே நின்று, பயணம் முறியாமல் காத்தார்.

கும்புப் பனிவீழ்ச்சியில் ஒருநாள் எட்மண்ட் ஹிலாரி பனிப்பிளவொன்றைத் தாண்டினார். மறுகரை இடிந்து அவரோடு சேர்ந்து உள்ளே விழுந்தது. பின்னால் வந்த டென்சிங் அந்நொடியே பனிக்கோடரியை ஊன்றிக் கயிற்றை இறுக்கினார். கயிறு தாங்கியது, ஹிலாரி பிழைத்தார். யாரோடு கயிறு கட்டி உச்சிக்குச் செல்லவேண்டும் என்பதை ஹிலாரிக்கு உணர்த்திய நிகழ்வு அது.

மே 26 அன்று போர்டில்லன், எவான்ஸ் என்னும் இருவர் தென்சிகரம்வரை சென்று, உயிர்வளிக் கருவியின் கோளாறாலும் களைப்பாலும் திரும்பினர். அடுத்த வாய்ப்பு ஹிலாரி, டென்சிங் இருவருக்கும் வந்தது. மே 28 இரவு, 8,500 மீட்டர் உயரத்தில் சிறு கூடாரத்தில் தங்கினர். விடியற்காலையில் ஹிலாரியின் காலணிகள் கல்லாய் உறைந்திருந்தன. அடுப்பில் காட்டி இளக்கிய பின்னரே புறப்பட முடிந்தது. தென்சிகரத்தைக் கடந்ததும் இறுதி முகடு எதிர்ப்பட்டது. ஒருபுறம் வெளியே நீட்டிக்கொண்டிருந்த பனிவிளிம்பு. மறுபுறம் செங்குத்தான பாறை. நடுவே ஏறத்தாழ 12 மீட்டர் உயரமுள்ள பாறைத்தடுப்பு. பாறைக்கும் பனிக்கும் இடையிலிருந்த பிளவில் உடலை நுழைத்து ஹிலாரி ஏறினார். கீழே டென்சிங் கயிற்றைப் பிடித்திருந்தார். பின்னர் மேலிருந்து ஹிலாரி கயிற்றைப் பிடிக்க, டென்சிங் ஏறினார். காலை 11.30 மணிக்கு இருவரும் உச்சியில் நின்றனர்.

பதினைந்து நிமிடமே அங்கு இருந்தனர். பனிக்கோடரியில் நேபாளம், இந்தியா, பிரித்தானியா, ஐக்கிய நாடுகள் அவை ஆகியவற்றின் கொடிகள் பறந்தன. டென்சிங் பனியைத் தோண்டி, இனிப்புகளையும் மகள் நிமா கொடுத்தனுப்பிய பென்சிலையும் மலைத்தெய்வத்திற்குப் படையலாக வைத்தார். வெற்றி கொண்டவராக அன்றி, வீட்டிற்கு வந்த விருந்தினராகவே அவர் அங்கு நின்றார்.

முதல் அடி யாருடையது?

கீழே இறங்கியதும் மலையைவிடக் கடினமான வேறொன்று காத்திருந்தது. முதலில் உச்சியை மிதித்தவர் யார் என்னும் கேள்வி எங்கும் எழுந்தது. டென்சிங்கின் பெயரையே முதலில் சொல்லவேண்டும் என மக்கள்திரள் முழங்கியது. எந்த நாட்டுக்கு உரியவர் என்பதிலும் நேபாளமும் இந்தியாவும் போட்டியிட்டன. ஹிலாரிக்கும் ஹன்ட்டுக்கும் சர் பட்டமும், டென்சிங்குக்கு ஜார்ஜ் பதக்கமும் அளிக்கப்பட்டபோது மனக்குறைகள் மேலும் வளர்ந்தன.

ஒரு சொல்லால் உலகப் புகழ் முழுவதையும் தம்பால் திருப்பிக்கொள்ளும் வாய்ப்பு டென்சிங்குக்கு இருந்தது. மறுக்கச் சான்றில்லை, சொன்னால் நம்ப இலட்சக்கணக்கானோர் இருந்தனர். ஆயினும் 1955இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில், கயிற்றில் முன்சென்ற ஹிலாரியே முதலில் மிதித்தார், தாம் அவரைப் பின்தொடர்ந்தார் என்பதைத் தெளிவாகப் பதிவுசெய்தார். ஒரே கயிற்றில் கட்டுண்டவர்க்கு முதல், இரண்டு என்னும் வேறுபாடு பொருளற்றது என்பதே அவர் கொள்கை. அந்த உண்மையைச் சொன்னதால் அவர் புகழ் ஒரு சிறிதும் குறையவில்லை.

புதியவர்களின் ஆசான்

வெற்றியின் பயனை ஒருவரோடு நிறுத்திவிடாமல், இந்திய இளைஞர் அனைவர்க்கும் உரியதாக்க வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது. பிரதமர் ஜவகர்லால் நேரு, மேற்கு வங்க முதலமைச்சர் பிதான் சந்திர ராய் ஆகியோரின் முயற்சியால், 1954ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. நரேந்திர தர் ஜெயால் அதன் முதல்வரானார். களப்பயிற்சி இயக்குநர் பொறுப்பை டென்சிங் ஏற்றார். தொடக்கத்தில் அந்நிறுவனம் ராய் வில்லா என்னும் இல்லத்தில் இயங்கியது. பாரதியார் தம் குருவாகப் போற்றிய நிவேதிதை, 1911இல் இறுதி மூச்சு விட்ட இல்லம் அதுவே.

இங்கு நாம் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. உலகின் உச்சியை அடைந்த டென்சிங், கற்பிக்கத் தொடங்குமுன் தாமே மீண்டும் மாணவரானார். சுவிட்சர்லாந்தின் ரோசன்லாய் என்னுமிடத்தில் அர்னால்ட் கிளாட்ஹார்ட்டிடம், பிற ஷெர்ப்பாக்களுடன் சேர்ந்து பயிற்சி பெற்றார். மலை ஏறத் தெரிந்திருப்பது வேறு. மற்றொருவரை ஏறச்செய்யத் தெரிந்திருப்பது வேறு என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

மலையேற்றப் பயிற்சியின் முதற்பாடங்கள் எளியவை, ஆனால் உயிர்காப்பவை. இரு கை, இரு கால் ஆகிய நான்கனுள் மூன்று எப்போதும் பாறையில் ஊன்றியிருக்க வேண்டும்; நான்காவது மட்டுமே நகரவேண்டும். பற்றும் கல்லைச் சோதித்த பின்னரே அதில் எடையை ஏற்றவேண்டும். அச்சத்தால் பாறையை அணைத்துக்கொண்டால் கால்வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது. ஆதலின் உடலைச் சற்று விலக்கி, எடையைக் கால்களில் நிறுத்தவேண்டும். கைகள் சமநிலைக்கு, கால்களே ஏறுவதற்கு. ஒடுங்கிய பனிமுகட்டில் ஒருவர் ஒருபுறம் சரிந்தால், கயிற்றில் பிணைந்த மற்றவர் எதிர்ப்புறம் பாய்ந்து அவரைத் தாங்கவேண்டிய நிலையும் வரும். இறங்குவது ஏறுவதினும் கடினம். பாதி ஆற்றலை அதற்கென வைத்திருக்க வேண்டும். வானிலை மாறினால் திரும்புவது தோல்வியன்று.

டார்ஜிலிங்கில் அவர் பெயரால் வழங்கும் டென்சிங் பாறையில் இன்றும் புதியவர்கள் இப்பாடங்களைத் தொடங்குகின்றனர். பின்னர்ச் சிக்கிமின் பனிவெளிக்கு அழைத்துச் செல்லப்படுகின்றனர். 1976இல் ஓய்வு பெறும்வரை, இருபத்திரண்டு ஆண்டுகள் டென்சிங் இப்பணியில் ஈடுபட்டார். அவருடைய உடன்பிறந்தாரின் மகனும் அந்நிறுவனத்தின் தொடக்ககாலப் பயிற்றுநருமான நவாங் கோம்பு, 1963, 1965 ஆகிய ஆண்டுகளில் எவரெஸ்டில் ஏறி, அதில் இருமுறை ஏறிய முதல் மனிதரானார். 1965இல் கோலி தலைமையில் சென்ற இந்தியக் குழு ஒன்பது பேரை உச்சியில் நிறுத்தியது. சுமை தூக்குவோராய் மட்டும் அறியப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் ஆசான்களாயினர்.

1959இல் இந்திய அரசு டென்சிங்குக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1986ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் டார்ஜிலிங்கில் அவர் மறைந்தார். அவருடைய நினைவிடம் பயிற்சி நிறுவன வளாகத்திலேயே அமைந்துள்ளது. பத்தாண்டுகள் கழித்து, 1996இல், அவர் மகன் ஜாம்லிங் எவரெஸ்டில் ஏறித் தந்தையின் அடிச்சுவட்டைத் தொட்டார்.

ஏற்காட்டின் உயரம் ஏறத்தாழ 1,500 மீட்டர். எவரெஸ்டின் உயரமோ 8,848 மீட்டர். ஆயினும் முதன்முறை பாறையில் கைவைப்பவரின் நெஞ்சத் துடிப்பு இரண்டு இடங்களிலும் ஒன்றே. அவ்வேளையில் மேலே நின்று கயிற்றைத் தளரவிடாமல் பிடித்திருப்பவர், தாமும் ஒருநாள் அஞ்சி நின்றவர்தாம். கொல்லிமலையின் தடங்களை நன்கறிந்த மலைவாழ் மக்களும் அத்தகைய ஆசான்களே. அவர்களிடம் வழிகேட்கும்போது நாம் பெறுவது உதவி மட்டுமன்று, கல்வியும் ஆகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள மலையின் தடங்களை அறிந்த முதியவர் ஒருவரைச் சந்தித்து, அவர் கூறும் செய்திகளைத் தொகுத்து வகுப்பில் வழங்குக.

2. வெற்றியின் விளிம்பில் திரும்பி வருவதும் ஒருவகை வெற்றியே – 1952ஆம் ஆண்டு நிகழ்வை அடிப்படையாகக் கொண்டு கலந்துரையாடுக.

3. டென்சிங் தம் தோழரின் பெருமையை மறைக்காமல் உரைத்த பண்பினைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.